அத்தியாயம் 7: உறைபனி இரவுகளில் சோலார் வாட்டர் ஹீட்டர்

இந்த அத்தியாயம் மலைவாசிகளுக்கு. ஊட்டி, குந்தா, கொடைக்கானல் பக்கம் கூரைமேல் சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்திருப்பவர்கள் வரி விடாமல் படியுங்கள். சமவெளியில் இருப்பவர்கள் தாராளமாக அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம்.

மலையில் நவம்பர் வாக்கில் நீர்ப்பனி தொடங்கும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி இறங்கும். சில வருடங்களில் பிப்ரவரியிலும் விடாது. தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சி, குதிரைப் பந்தய மைதானம், கொடைக்கானலில் ஜிம்கானா, பாம்பார்புரம் போன்ற தாழ்வான இடங்களில் விடியற்காலைப் புல் வெள்ளையாகக் கிடக்கும். அந்த மாதங்களில்தான் வெந்நீர் அதிகம் தேவை. சோலார் ஹீட்டர் கெட்டுப்போவதும் அந்த மாதங்களில்தான். தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடுகிறது. பேனலுக்குள் ஓடும் செம்புக் குழாயின் சுவர் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லை. அது தாங்காது.

எந்த இரவுக்குப் பயப்பட வேண்டும்

சாரலும் மூடுபனியுமாக, ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டாலும் நடுங்கவைக்கும் நாட்களைக் கண்டு பயப்பட வேண்டாம். மேகம் கூரையாக நிற்கும் அந்த இரவுகளில் பேனலுக்கு ஒன்றும் ஆகாது. மத்தியானம் நல்ல வெயில், சாயங்காலம் காற்று அடங்கிவிட்டது, வானத்தில் ஒரு துணுக்கு மேகம் இல்லை, நட்சத்திரம் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது என்றால் அன்றைக்குத்தான் ஆபத்து.

காரணம் ஒன்றே ஒன்று. பகலில் வெயிலை வாங்க வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும் பேனல், இரவில் அதே வானத்துக்குத் தன் சூட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அதனால் சுற்றியுள்ள காற்றைவிடப் பேனல் சில டிகிரி அதிகமாகக் குளிர்கிறது. காற்று 4 அல்லது 5 டிகிரியில் இருக்கும்போதே பேனலுக்குள் ஐஸ் கட்டலாம். இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. அலகாபாத் பக்கம் வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஆழமில்லாத மண் தட்டுகளில் தண்ணீர் ஊற்றி, காற்று உறைநிலைக்கு இறங்காத இரவுகளிலும் ஐஸ் எடுத்தார்கள். 1775-இல் ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் அதை லண்டன் ராயல் சொசைட்டி இதழில் எழுதிவைத்தார்.

அதே வேலையை உங்கள் மாடியிலும் செய்து பார்க்கலாம். பனிக்காலத் தொடக்கத்தில், வானம் தெளிந்த ஒரு ராத்திரி, அகலமான தட்டில் அரை விரற்கடை தண்ணீர் ஊற்றிப் பேனலுக்குப் பக்கத்தில் தெர்மோகோல் துண்டின்மேல் வையுங்கள். காலையில் தண்ணீர்மேல் மெல்லிய ஆடை படிந்திருந்தால் உங்கள் வீடு பனிப் பள்ளத்தில் இருக்கிறது என்று அர்த்தம். டிவியில் சொல்லும் வெப்பநிலையைவிட இந்தத் தட்டை நம்பலாம். ஒரே ஊரில் மேட்டு வீட்டுக்கும் பள்ளத்து வீட்டுக்கும் பல டிகிரி வித்தியாசம் வரும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும்.

உங்கள் கூரையில் இருப்பது எந்த வகை

கண்ணாடி மூடிய கறுப்புப் பெட்டி என்றால் ஃபிளாட் பிளேட் பேனல். உள்ளே அரை அங்குலச் செம்புக் குழாய்கள் வரிசையாக நிற்கும். பேனல் மொத்தத்துக்கும் இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர்தான் கொள்ளும். அதனால் சீக்கிரம் உறையும். உறைபனிக்கு முதல் பலி இதுதான்.

வரிசையாகக் கண்ணாடிக் குழல்கள் சொருகியிருந்தால் அது வேக்குவம் டியூப் வகை. குழலின் இரண்டு சுவர்களுக்கு நடுவே காற்று இல்லாததால் சூடு வெளியே போவது குறைவு. 58 மி.மீ. விட்டமும் 1.8 மீட்டர் நீளமும் உள்ள ஒரு குழலிலேயே சுமார் இரண்டரை லிட்டர் தண்ணீர் நிற்கும். நம் மலைக் குளிருக்கு அது உறைவது அரிது. அதனால்தான் விற்பவர்கள் "டியூப் போட்டால் பனிக் கவலையே இல்லை சார்" என்கிறார்கள். அந்தப் பேச்சில் பாதிதான் உண்மை. டியூப் உறையாது, டேங்குக்கு வரும் பைப்பும் போகும் பைப்பும் உறையும், வென்ட் பைப்பும் உறையும்.

பனிக்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள்

தீபாவளி முடிந்த கையோடு, மழை விட்ட ஒரு காய்ந்த நாளில் இவற்றை முடித்துவிடுங்கள்.

1. பைப் வரிசையை மேலிருந்து கீழே கண்ணால் தொடருங்கள்: ஓவர்ஹெட் டேங்கிலிருந்து ஹீட்டர் டேங்குக்கு வரும் குளிர்நீர்க் குழாய், டேங்குக்கும் பேனலுக்கும் நடுவே உள்ள மேல், கீழ் குழாய்கள், வீட்டுக்கு இறங்கும் வெந்நீர்க் குழாய், டேங்க் தலையிலிருந்து எழும் வென்ட் பைப். ஒரு தாளில் படம் போட்டு, வால்வு எங்கெங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2. திறந்து கிடக்கும் எல்லாக் குழாய்க்கும் உறை போடுங்கள். ஏசி மெக்கானிக்குகள் செம்புக் குழாய்க்கு மாட்டும் கறுப்பு நைட்ரைல் ரப்பர் உறையே இதற்கும். 19 மி.மீ. கனம் வாங்குங்கள், 9 மி.மீ. போட்டு ஏமாற வேண்டாம். குழாயின் வெளிவிட்டத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

3. பொருத்துகளில் இடைவெளி விடாதீர்கள். பெரும்பாலும் உறைவது எல்போ, யூனியன், வால்வு இருக்கும் இரண்டு அங்குலம்தான். உறையை அங்கே வெட்டி விட்டுவிட்டு நேர்க்குழாய்க்கு மட்டும் மாட்டிப் போவது பிளம்பர்களின் வழக்கம். நின்று பார்த்துச் செய்ய வையுங்கள்.

4. உறைக்கு மேல் அலுமினிய டேப் சுற்றுங்கள். வெயில் பட்டால் ரப்பர் ஒன்றிரண்டு வருடத்தில் பொடிந்துவிடும். குரங்கு வரும் இடமென்றால் டேப்பும் போதாது. அதன்மேல் பெரிய பி.வி.சி. பைப்பை நீளவாக்கில் பிளந்து மூடுங்கள்.

5. வென்ட் பைப்பைக் கவனியுங்கள். ஓவர்ஹெட் டேங்கில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ, வென்ட் பைப்புக்குள்ளும் அதே மட்டம்வரை தண்ணீர் நிற்கும். அந்த மட்டத்துக்கு ஓர் அடி மேல்வரை உறை போடுங்கள். வாயை மட்டும் எக்காரணம் கொண்டும் மூடாதீர்கள். பூச்சி போகிறது என்று துணி அடைத்துவைத்த வீடுகள் உண்டு, அது ஆபத்து.

6. பேனலின் அடியில் வடிகால் வால்வும், மேல் மூலையில் காற்றுப் பிளக்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இப்போதே வைக்கச் சொல்லுங்கள். கேட் வால்வைவிட பால் வால்வு நல்லது. திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று கைப்பிடியைப் பார்த்ததுமே தெரியும்.

*கவனம்:* உறை போட்டால் குழாய் உறையவே உறையாது என்று எண்ண வேண்டாம். உறை நேரத்தைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். விடியற்காலை நான்கு மணிக்கு உறைய வேண்டியது ஏழு மணிவரை தாக்குப்பிடித்தால் வெயில் வந்துவிடும். மலையில் பெரும்பாலான இரவுகளுக்கு அந்த மூன்று மணி நேரமே போதும்.

பனி இரவன்று மாலையில்

உதகை தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் அலங்காரச் செடிகளைக் கோத்தகிரி மிலார் செடிகளால் மூடிவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். செடிக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு தடுப்பு, வேறொன்றும் இல்லை. பேனலுக்கும் அதையே செய்யுங்கள்.

1. சூரியன் பேனலை விட்டு இறங்கியதும், ஐந்து ஐந்தரைக்குள் மூடிவிடுங்கள். இருட்டிய பிறகு கூரை ஏற வேண்டாம்.

2. முதலில் பழைய கம்பளியோ இரண்டு மடிப்புச் சாக்கோ விரித்து, அதன்மேல் தார்ப்பாய் போடுங்கள். வரிசை மாறக் கூடாது. சாக்கு மேலே இருந்தால் பனியில் நனைந்துவிடும். நனைந்த சாக்கு போர்த்தியும் பயனில்லை.

3. தார்ப்பாயின் நான்கு மூலைகளையும் ஸ்டாண்டில் கட்டுங்கள். கண்ணாடிமேல் கல் வைக்காதீர்கள்.

4. வீட்டுக்குள் மிக எட்டத்தில் இருக்கும் வெந்நீர்க் குழாயை நூல் பிடித்தாற்போல ஒழுகும்படி திறந்து, கீழே வாளி வையுங்கள். குளிர்நீர்க் குழாயிலும் வெந்நீர்க் குழாயிலும் தண்ணீர் நகர்ந்துகொண்டே இருக்கும்.

நான்காவது படியில் ஒரு பெரிய தவறான நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருக்கிறது. குழாயைச் சொட்டவிட்டால் பேனலும் பிழைத்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். பிழைக்காது. நீங்கள் குழாயைத் திறந்தால் தண்ணீர் ஓவர்ஹெட் டேங்கிலிருந்து ஹீட்டர் டேங்குக்கும், அங்கிருந்து குளியலறைக்கும் போகிறது. பேனல் அந்த வழியிலேயே இல்லை. அதற்குள் இருக்கும் தண்ணீர் வெயில் அடித்தால்தான் மேலேறி டேங்குக்குப் போகும். இரவில் குளிர்ந்து கனத்து அடியிலேயே முடங்கிவிடும். டேங்கில் 60 டிகிரி வெந்நீர் நிற்கும்போதே, ஓரடி கீழே பேனல் உறைந்து வெடிப்பது இதனால்தான்.

5. காலையில் கண்ணாடிமேல் வெயில் விழுந்ததும் மூடியை எடுத்துவிடுங்கள். எடுக்க மறந்தால் அன்றைக்கு வெந்நீர் இல்லை.

*பாதுகாப்பு:* உறைபனி படிந்த தகரக் கூரை வழுக்கும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் நடுவே கால் வைத்தால் உடைந்து உள்ளே விழுவீர்கள். பனி உருகிக் கூரை காய்ந்த பிறகே ஏறுங்கள். தினமும் ஏறி இறங்க முடியாத கூரை என்றால் தார்ப்பாயின் ஒரு பக்கத்தை மேலே நிரந்தரமாகக் கட்டிவிட்டு, மறுபக்கத்துக் கயிற்றைக் கீழிருந்து இழுக்கும்படி வையுங்கள்.

பேனலிலிருந்து தண்ணீரை வடிப்பது

ஃபிளாட் பிளேட் பேனலுக்கு மட்டும் இந்த முறை. நாலைந்து நாள் ஊருக்குப் போகும்போதும், மூடியே போதாத கடும் பனிக்கும் இதைச் செய்யலாம். தினசரி செய்வதற்கு இது சரிப்படாது. ஒரு வாரத்தில் சலித்துவிடும், சலித்த அன்றுதான் பனி இறங்கும்.

1. டேங்கில் இருக்கும் மின்சார எலிமென்ட்டின் எம்.சி.பி.யை அணையுங்கள்.

2. வெயில் போய் ஒரு மணி நேரமாவது பொறுங்கள். பேனலுக்குள் 70, 80 டிகிரித் தண்ணீர் இருக்கலாம், கை வெந்துபோகும்.

3. டேங்குக்கும் பேனலுக்கும் இடையே உள்ள கீழ் வால்வு, மேல் வால்வு இரண்டையும் மூடுங்கள்.

4. உடனே அடி வடிகாலைத் திறங்கள். பிறகு மேல் மூலைக் காற்றுப் பிளக்கைத் திறங்கள். அதைத் திறக்காவிட்டால், மேல்முனையை விரலால் அடைத்த ஸ்ட்ராவில் நிற்பதுபோல் குழாய்களுக்குள் தண்ணீர் அப்படியே நிற்கும். வடிகாலில் நாலு சொட்டு விழுந்து நின்றுவிட்டதைப் பார்த்து, காலியாகிவிட்டது என்று இறங்கி வந்துவிடாதீர்கள். இரண்டு லிட்டராவது வாளியில் விழுந்திருக்க வேண்டும்.

5. வடிகாலையும் காற்றுப் பிளக்கையும் திறந்தபடியே விட்டுவிடுங்கள்.

இந்த ஐந்தாவது படியை மறந்தால் பேனலையே இழப்பீர்கள். மேல் வால்வு, கீழ் வால்வு, வடிகால் மூன்றும் மூடியிருக்க, உள்ளே கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்து, மறுநாள் வெயில் அடித்தால் ஆவிக்குப் போக்கிடம் இல்லை. வால்வு கைப்பிடியில் ஒரு அட்டையைக் கட்டி "வடிகால் திறந்திருக்கிறது" என்று எழுதி மாட்டுங்கள். வீட்டில் வேறு யாராவது மாடிக்குப் போனாலும் புரியும்.

திரும்ப நிரப்புவதற்குச் சரியான நேரம், கண்ணாடிமேல் பனி உருகிய பிறகு, பேனல் சூடேறுவதற்கு முன். அந்த நேரம் தவறிவிட்டால் அன்று சாயங்காலம்வரை பொறுங்கள். அவசரமென்றால் தார்ப்பாயால் மூடி, ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். வடிகாலை மூடி, கீழ் வால்வை மெதுவாகத் திறந்து, காற்றுப் பிளக் வழியே காற்று சீறி, பிறகு தண்ணீர் சீராக வரும்வரை விடுங்கள். அதன்பின் பிளக்கை மூடி மேல் வால்வைத் திறங்கள். சாயங்காலம் டேங்க் சூடாகவில்லையென்றால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. பிளக்கை மறுபடி திறந்து வெளியேற்றுங்கள்.

பூட்டிக் கிடக்கும் வீடுகள்

கோடையில் மட்டும் வந்து தங்கும் வீடுகளில்தான் சேதம் அதிகம். யாரும் பார்ப்பதில்லை, மார்ச்சில் வந்து குழாயைத் திறக்கும்போதுதான் தெரியும்.

ஃபிளாட் பிளேட் என்றால் மேலே சொன்னபடி பேனலை வடித்து, வெளிக் குழாய்களையும் வடித்துவிட்டுப் போங்கள். டேங்கைக் காலி செய்ய வேண்டியதில்லை. பஃப் இன்சுலேஷன் போட்ட டேங்க் நம் குளிருக்கு உறையாது.

டியூப் வகையில் நேர்மாறு. காலி செய்யாதீர்கள். வெறும் டியூப் வெயிலில் 200 டிகிரிக்கு மேல் ஏறும். வாட்ச்மேன் மத்தியானம் வந்து வால்வைத் திறந்தால் குளிர்ந்த தண்ணீர் பட்ட கணத்தில் கண்ணாடி சிதறும். தண்ணீரை நிரப்பியே வைத்து, டியூப்களைத் தார்ப்பாயால் மூடி, வெளிக் குழாய்களுக்கு உறை சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். டேங்குக்கு வரும் வால்வை மூட வேண்டாம்.

பம்ப், ஹீட்டிங் கேபிள், கிளைகால்

செலவு செய்யத் தயாராக இருப்பவர்களுக்கு மூன்று வழிகள்.

சின்ன சர்க்குலேஷன் பம்ப்: பேனல் தகட்டின் அடிப்பக்கம் ஒரு சென்சார். 5 டிகிரிக்கு இறங்கினால் பம்ப் ஓடி, டேங்கின் வெந்நீரைக் கொஞ்சம் பேனலுக்குள் தள்ளும். 8 டிகிரி ஆனதும் நிற்கும். டேங்க் சூடு சிறிது குறையும், பேனல் பிழைக்கும். கரண்ட் போனால் இது வெறும் இரும்பு. அதனால் இன்வர்ட்டர் லைனில் கொடுங்கள்.

ஹீட்டிங் கேபிள்: குழாயோடு ஒட்டிச் சுற்றி, அதன்மேல் உறை போட வேண்டும். குளிருக்கு ஏற்பத் தன் சூட்டைத் தானே கூட்டிக் குறைக்கும் வகையையே கேளுங்கள். மற்ற வகையில் கேபிள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் அந்த இடம் கருகும். எர்த்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் நனையும் கூரையில் எந்த மின்சாதனமும் வேண்டாம். இது குழாய்க்கும் வென்ட்டுக்கும் மட்டும் உதவும், பேனலுக்கு உதவாது.

கிளைகால் கலவை: பேனலுக்குள் தண்ணீருக்குப் பதில் புரோப்பிலீன் கிளைகால் கலந்த திரவம் ஓட, டேங்குக்குள் இருக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியே சூடு மாறும். 30 சதவீதக் கலவை மைனஸ் 12, 13 டிகிரிவரை உறையாது. லே போன்று மைனஸ் 20-க்கும் கீழே போகும் ஊர்களுக்கு இது அவசியம். ஊட்டிக்கு இவ்வளவு வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் புதிதாக வாங்குகிறீர்கள், வீடு பனிப் பள்ளத்தில் இருக்கிறது, கூரை ஏற ஆளில்லை என்றால் யோசிக்கலாம். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் கூலன்ட்டை மட்டும் இதில் ஊற்றிவிடாதீர்கள். அதில் இருப்பது பெரும்பாலும் எத்திலீன் கிளைகால், விஷம். எக்ஸ்சேஞ்சரில் ஒரு ஊசித் துளை விழுந்தால் குளிக்கும் தண்ணீரில் கலந்துவிடும். ஹீட் எக்ஸ்சேஞ்சர் இல்லாத சாதாரண ஹீட்டரில் எந்தக் கிளைகாலையும் ஊற்றக் கூடாது.

உறைந்தே போய்விட்டால்

காலையில் வெந்நீர்க் குழாயைத் திறந்தால் காற்றுகூட வரவில்லை. அப்போது செய்ய வேண்டியது இந்த வரிசையில்:

1. எலிமென்ட் எம்.சி.பி.யை அணையுங்கள்.

2. வென்ட் அடைத்திருக்கிறதா என்பது தெரியும்வரை டேங்கிலிருந்து வெந்நீர் எடுக்காதீர்கள். குளிர்நீர்க் குழாயும் வென்ட்டும் சேர்ந்து உறைந்திருக்கும்போது தண்ணீரை இறக்கினால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, உள் ஸ்டீல் தொட்டி நசுங்கிவிடும். அப்படி நசுங்கிய தொட்டியை நிமிர்த்த முடியாது.

3. கூரை காய்ந்ததும் ஏறிப் பேனலைத் தார்ப்பாயால் மூடுங்கள். வென்ட் உருகுவதற்கு முன்பே பேனல் சூடேறத் தொடங்கினால் விரியும் தண்ணீருக்கு வழி இருக்காது.

4. முதலில் வென்ட், அடுத்து குளிர்நீர்க் குழாய், கடைசியில் பேனல். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றி, திறந்த முனையிலிருந்து உள்நோக்கி வாருங்கள். நடுவில் தொடங்கினால் உருகிய தண்ணீர் இரண்டு ஐஸ் கட்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும்.

5. கொதிக்கும் தண்ணீரைக் கண்ணாடிமேலோ குழாய்மேலோ கொட்டாதீர்கள். தீப்பந்தம், ப்ளோ லாம்ப் எதுவும் வேண்டாம், சி.பி.வி.சி. இளகும், பஃப் எரிந்தால் நச்சுப் புகை வரும்.

6. உருகத் தொடங்கியதும் ஓவர்ஹெட் டேங்க் வால்வருகே ஓர் ஆளை நிறுத்துங்கள். உறைந்திருக்கும்வரை ஓட்டை தெரியாது. ஐஸே அடைப்பாக நிற்கும். உருகிய பிறகுதான் ஒழுகும்.

பேனல் கண்ணாடியின் உட்பக்கம் முத்துமுத்தாக நீர் கோத்து, வெயில் ஏறியும் மறையாமல் இருந்தால் உள்ளே செம்புக் குழாய் கீறிவிட்டது. பெரும்பாலும் நீளவாக்கில், நகம் அளவுக்கு ஒரு கீறல். ஓரம் வெளிப்புறமாகத் தூக்கியிருக்கும். கண்ணாடியைக் கழற்றி அந்த இடத்தைப் பிரேஸிங் செய்து அடைக்கலாம். மெக்கானிக் வந்ததும், ஒழுகும் குழாயை மட்டும் பார்த்துவிட்டு மூட விடாதீர்கள். ஒன்று கீறியிருந்தால் பக்கத்துக் குழாய்களும் உப்பியிருக்கும். ஒவ்வொன்றையும் மேலிருந்து கீழே விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். புடைப்பு தட்டும் இடத்தில் செம்பு மெலிந்துவிட்டது, அடுத்த பனிக்கு அங்கேதான் கீறும். தண்ணீர் நிரப்பி, அழுத்தம் கொடுத்து, அரை மணி நேரம் பார்த்த பிறகே கண்ணாடியை மாட்டச் சொல்லுங்கள். மூன்று நான்கு குழாய்கள் புடைத்திருந்தால் அடைப்பதில் காசைக் கரைக்காமல் பேனலையே மாற்றிவிடுங்கள். டேங்கும் ஸ்டாண்டும் பழையவையே இருக்கலாம்.